குப்பை பொறுக்குதலும் கூட்டுறவுச் சங்கமும்

குடியானவர் வாக்கில் குப்பை என்னும் சொல் நெடுங்காலமாக எருவையே குறித்து வந்தது. கோடைக் காலத்தில் “குப்பை அடித்தாயிற்றா?” என்று ஒருவரையொருவர் வினவுவது, புறக்கடை எருக்குழியில் சேர்ந்ததை வண்டியிலேற்றி வயலில் கொட்டி முடிந்ததா என்னும் கருத்திலேயாம். மாட்டுச் சாணம், தொழுவத்தில் மிஞ்சிய வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் பெருக்கிய சருகு, எச்சிலிலை, காய்கறித் தோல் ஆகிய யாவும் ஒரே குழியில் விழுந்து, ஒரு வருஷத்திற்குள் மண்ணோடு மண்ணாகும் தன்மையன. ஆகையால் வீசியெறிவதற்கும் சேமித்து வைப்பதற்கும் கிராமத்தில் அதிக வித்தியாசம் இருந்ததில்லை. வழியில் எறிந்த பழத்தோலை ஆடு தின்றது. ஆடு விட்டதை மழை மக்கச் செய்தது. எறியும் வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியது. அது தீமையாகத் தோன்றாமைக்குக் காரணம் எறியப்பட்ட பொருளின் குணமேயன்றி, ஜனங்களின் சுத்தம் என்று சொல்வதற்கில்லை.

பின்னர்ப் பொருள் மாறிற்று; கை மாறவில்லை. பாலிதீன் பையும், சிறு உறைகளில் அடைத்த சரக்கும் கிராமத்துப் பெட்டிக் கடைகளில் நுழைந்தன. இவ்வுறைகளின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்குண்டு. ஷாம்பு முதலிய திரவங்களை ஒரு வேளைக்குப் போதுமான அளவில் உறையிலிட்டு, கூலி வேலை செய்வோரும் வாங்கத்தக்க விலையில் விற்கலாம் என்று காட்டிய முன்னோடிகளில் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஒருவர். ஏழைகளுக்கு அதனால் உண்டான சௌகரியத்தை மறுக்க முடியாது. முழுப் புட்டி வாங்க இயலாதவர் ஓர் உறை வாங்கினார். ஆனால் புட்டி காலியானால் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். உறையோ கிழித்த இடத்திலேயே விழும். அதை விலைக்குக் கேட்பார் எவருமில்லை.

சங்கத்தார் கணக்கில் பழகியவர்களாதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருநூறு வீடுகளுள்ள ஓர் ஊரில் வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று உறைகள் தெருவில் விழுவதாக வைத்துக்கொண்டால், நாளைக்கு 600, மாதத்திற்கு 18,000, வருஷத்திற்கு 2,19,000. உறையொன்று ஒரு கிராம் எடையென்று கொண்டால், இத்தனையும் சேர்ந்து 219 கிலோ; சுமார் மூன்று மூட்டை நெல்லின் எடைதான். மூன்று மூட்டை நெல் வீட்டின் ஒரு மூலையில் அடங்கும். இவ்வுறைகளோ ஊர் முழுவதும் பரவிக் கிடக்கும். இலேசானவையாகையால் காற்று அவற்றைக் கொண்டுபோகும். காற்று விட்டதை மழைநீர் கொண்டுபோகும். இரண்டும் கொண்டுபோய்ச் சேர்க்குமிடம் ஊரில் மிகத் தாழ்ந்த இடமாகும்; அநேக ஊர்களில் அது பாசன வாய்க்காலே.

வாய்க்காலில் நடப்பது

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் கேடு முதலில் தென்படுவது மதகிலன்று. வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்தில், தார்ச்சாலைக்கு அடியில் பதித்துள்ள சிமெண்டுக் குழாயின் வாயில் அது தென்படும். முதலில் ஒரு முள் கிளை குறுக்கே நிற்கிறது. அதில் ஒரு பாலிதீன் பை சிக்குகிறது. பையில் வைக்கோலும் சருகும் தங்குகின்றன. அதன்மேல் வண்டல் படிகிறது. ஒரு காலிப் புட்டி வந்து அணைகிறது. வெறும் சருகு மட்டும் அடைத்திருந்தால் இரண்டு நாளில் அழுகி நீரின் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பை அழுகாதாகையால் அடைப்பும் கலைவதில்லை. நீர் மேல்மடை வயல்களில் ஏறி வழிகிறது, கடைமடை காய்கிறது.

மேல்மடைக்காரர் தம் நடவு முழுகிற்றென்று வரப்பை வெட்டி நீரை வேறு பக்கம் விடுகிறார். கடைமடைக்காரர் இரவில் எவரோ மடையை மாற்றினார்கள் என்று எண்ணுகிறார். நீர்க்கட்டியின்மேல் பழி விழுகிறது. சில ஊர்களில் இது வாய்ச்சண்டையோடு நிற்பதில்லை. கடைசியில் மண்வெட்டியுடன் இறங்கிப் பார்ப்பவருக்குக் குழாய் வாயிலிருந்து வெளிப்படுவது ஒரு கூடை பையும் உறையும்.

கடைமடைக்காரர் அந்தப் பயிருக்காகச் சங்கத்தில் கடன் வாங்கியவர். கதிர் பிடிக்கும் தருணத்தில் நீரின்றிப் பயிர் கருகினால் தவணை தவறுகிறது. சங்கத்தின் பேரேட்டில் அது தவணை கடந்த பாக்கியாக ஏறுகிறது. காரணம் எழுதும் இடத்தில் வறட்சி என்றோ, விலை வீழ்ச்சி என்றோ எழுதப்படும். வாய்க்கால் அடைப்பு என்று எழுதியவர் அரியர். பெட்டிக் கடை உறை என்று எழுதியவர் எவருமில்லை.

மாடுகளின் நிலை இன்னும் பரிதாபமானது. உணவு மிச்சத்தை உள்ளேயிட்டு முடிச்சுப் போட்டு எறிந்த பையை மாடு அவிழ்க்க அறியாது, பையோடு விழுங்கும். அது இரைப்பையின் முதல் அறையில் தங்கிவிடும்; சீரணமாவதுமில்லை, அசைபோடும்போது திரும்பி வருவதுமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கட்டியாகி, தீவனத்திற்கு இடமில்லாமற் செய்யும். மாடு மெலியும், பால் குறையும், வயிறு உப்பும். குடியானவர் நாட்டு வைத்தியம் செய்து கைவிடுவார். 2019 அக்டோபர் மாதத்தில் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். பட்டணத்து மாட்டுக்கு அத்தகைய சிகிச்சை கிட்டிற்று. கறவை மாட்டுக் கடன் வாங்கிய கிராமத்தாரின் மாட்டுக்கு அது எளிதில் கிட்டுவதன்று.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை போதும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீர் சிறிதளவு தேங்கிய இடத்தையே நாடும். எறிந்த தேங்காய்ச் சிரட்டை, காகிதக் குவளை, வண்டிச் சக்கரத்தின் பழைய ரப்பர் டயர் ஆகியவற்றில் நின்ற மழைநீர் அதற்குப் போதுமானது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். முட்டையோ நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிருடன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பொறுக்குதல் என்னும் ஏற்பாடு வெறும் சௌகரியத்திற்காக வைத்ததன்று.

சேர்ந்ததைக் கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. இவ்வழக்கம் பொறுக்காமலிருப்பதைக் காட்டிலும் தீது. சருகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பி.வி.சி. குழாய்த் துண்டும் மின்கம்பி உறையும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் காரமான வாயுவும், டயாக்ஸின் என்னும் நஞ்சும் எழும். அந்நஞ்சு புல்லில் படிந்து மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேரும். மாலையில் தெருக்கோடியில் கொளுத்திய புகையை முதலில் சுவாசிப்பது அடுத்த வீட்டுக் குழந்தை.

ஒரு நாள் சுத்தத்தின் கதி

கிராமத்தைச் சுத்தம் செய்யும் முயற்சிகள் இந்நாட்டில் புதியனவல்ல. 1920களில் பஞ்சாபின் குர்காவ் ஜில்லாவில் டிப்டி கமிஷனராயிருந்த எப். எல். பிரேன் என்பவர் ஊர்தோறும் ஆழமான எருக்குழி வெட்டச் செய்தார்; தெருக் குப்பை முழுவதும் அதில் விழவேண்டுமென்று விடாது பிரசாரம் செய்தார். அதிகாரி அருகிலிருந்தவரை குழிகள் நிறைந்தன. அவர் மாற்றலாகிச் சென்ற பின் வேலை தளர்ந்தது. 1935இல் வார்தாவை அடுத்த சிந்தி கிராமத்தில் காந்தியடிகளின் சகாக்கள் காலைதோறும் வாளியும் துடைப்பமுமாகச் சென்று தெருவிலிருந்த அசுத்தத்தை அள்ளினார்கள். அவர்களுடைய சேவை குறைவற்றது. ஆயினும் ஊரார் பழைய வழக்கத்தைச் சுலபத்தில் விடவில்லை.

முதலாவதில் உத்தரவு இருந்தது. இரண்டாவதில் தியாகம் இருந்தது. இரண்டிலும் வேலை ஊராருடையதாகவில்லை. இக்காலத்தில் வருஷத்துக்கு ஒருநாள் புதிய துடைப்பங்களுடன் வரிசையாக நின்று படமெடுத்துக்கொண்டு கலையும் வைபவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அன்று மாலை குளிர்பானமும் சிற்றுண்டியும் வழங்கிய காகிதத் தட்டுகள் அதே இடத்தில் கிடப்பதை மறுநாள் காலையில் காணலாம்.

சட்டமும் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. இந்தியா முழுவதற்கும் 2022 ஜூலை 1ஆம் தேதி முதல் பல பொருள்களுக்குத் தடை வந்தது. துணிப்பையைத் திரும்பக் கொணரும் பொருட்டு 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் தெருவிலும் நீர்நிலையிலும் குப்பையை எறிதலும் எரித்தலும் புதைத்தலும் கூடாதென்று விதித்தன. ஆயினும் பிஸ்கட்டு உறையும் ஷாம்பு உறையும் அத்தடைகளால் ஒழியவில்லை. வாய்க்காலில் மிகுதியாகக் கிடப்பவை அவையே.

சங்கம் ஏன் இதில் தலையிடவேண்டும்

இது பஞ்சாயத்தின் கடமை என்று அங்கத்தினர் சொல்லக்கூடும். தெருவைப் பொறுத்தவரை அது சரியே. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடுவீடாகச் சென்று சேகரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் வண்டி களத்து மேட்டுக்கும், வாய்க்கால் கரைக்கும், வயல் வரப்புக்கும் போவதில்லை. அங்கே கிடப்பதை எறிந்தவர்கள் பெரும்பாலும் சங்கத்து அங்கத்தினர்களே.

இன்னொரு காரணமும் உண்டு. 1904ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவான காலத்தில், கிராமச் சங்கங்களின் பொறுப்பு வரையறையற்றதாயிருந்தது. ஒருவர் கடனைக் கட்டாவிடில் மற்றவர் சொத்தும் அதற்கு ஈடாகும். அதனால் விதை வாங்க என்று பணம் பெற்றவர் அதைக் கலியாணத்தில் செலவிடாதபடி அண்டை வீட்டார் கவனித்தார்கள். அதை ஒருவரும் வேவு என்று கருதவில்லை. தம் நிலத்தைக் காக்கும் காரியமாகவே கருதினார்கள். பின்னாளில் பொறுப்பு வரையறுக்கப்பட்டது. ஒருவர் செய்கையால் எல்லோரும் நஷ்டப்படும் நிலைமை மட்டும் வாய்க்காலில் அப்படியே இருக்கிறது. கடன் வசூலில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகிய கூட்டத்தார்க்கு, “ஏனப்பா, உரச் சாக்கைக் கரையில் போட்டுவிட்டுப் போகிறாயே” என்று கேட்பது கடினமாகாது. பஞ்சாயத்து ஊழியர் கேட்டால் அது அதிகாரமாகத் தோன்றும். சேர்ந்து கடன் வாங்கியவர் கேட்டால் அவ்வாறு தோன்றாது.

முதலில் கணக்கெடுக்க வேண்டிய இடம் சங்கத்தின் சொந்தக் கிடங்கே. உரச் சாக்கும், அதனுள்ளிருக்கும் மெல்லிய உட்பையும், பூச்சிமருந்துப் புட்டியும் சங்கத்தின் விற்பனை வழியாக ஊருக்குள் வருபவை. சாக்கை அநேகர் பத்திரப்படுத்துகிறார்கள். தானியம் கட்டவும் கூரை மறைக்கவும் உதவுகிறது. உட்பை வரப்பிலேயே விடப்படுகிறது. மருந்துப் புட்டியின் விஷயத்தில் அசிரத்தை மிகவும் ஆபத்தானது. மருந்து முடிந்தவுடன் புட்டியில் நீர் விட்டுக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை செய்யவேண்டும். வாய்க்காலில் அலம்புதல் ஒருபோதும் கூடாது. பின்னர் அடியில் ஆணியால் துளையிட்டால் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எவரும் எடுத்து உபயோகிக்க முடியாமற் போகும். அவ்வாறு துளையிட்ட புட்டிகளை மற்றக் குப்பையோடு கலக்காமல், குழந்தைகள் எட்டாதபடி கிடங்கின் வெளிப்புறம் பூட்டிய பெட்டியில் சேர்த்து, விற்ற கம்பெனியின் ஆளிடமோ வேளாண்மை அலுவலரின் சொற்படியோ ஒப்புவிக்க வேண்டும். பொறுக்கும் நாளில் இவற்றைச் சிறுவர்களைக் கொண்டு எடுப்பிக்கலாகாது. பெரியவர்களும் கையுறை அணிந்தே தொடவேண்டும்.

பொறுக்கும் முறை

வேலைக்கு அதிகச் சாமான் தேவையில்லை. ஆளுக்கு ஒரு கையுறை, மூவருக்கு ஒரு நீண்ட இடுக்கி, சேற்றில் புதைந்ததை இழுக்க ஒரு துறட்டி, குழுவுக்கு மூன்று சாக்கு. இடுக்கி கிடைக்காத ஊரில் மூங்கிலைப் பிளந்து நுனியைச் செதுக்கி அந்த வேலைக்குப் பழக்கிக்கொள்கிறார்கள்; கடையில் வாங்கியதைவிட அது நீளமாயிருப்பதால் கரையிலிருந்தே எட்டும்.

மூன்று சாக்கு என்பதில்தான் காரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்துப் பிறகு பிரிக்கலாம் என்று விட்டால், அப்பிறகு வருவதேயில்லை. சேறும் எச்சிலும் கலந்த குவியலைக் கண்டால் அருவருப்பு மேலிட்டு, கடைசியில் அது ஊருக்கு வெளியே ஓடையில் கொட்டப்படும். குப்பை இடம் மாறியதே பலனாகும். குனிந்து எடுத்த கை நிமிர்வதற்குள் எந்தச் சாக்கு என்று தீர்மானிக்க வேண்டும்.

முதற் சாக்கில் மக்குவது: இலை, வைக்கோல், கிழிந்த காகிதம், தேங்காய் மட்டை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையை இதில் போடலாகாது. காகிதம் மக்கிய பின் பூச்சு மண்ணில் நிற்கும். இரண்டாவதில் விலைபோவது: குடிநீர்ப் புட்டி, எண்ணெய்க் கேன், உடைந்த வாளி, தகரம், இரும்பு, முழுக் கண்ணாடிப் புட்டி, அட்டைப் பெட்டி. புட்டியை அமுக்கி மூடியைத் தனியே எடுத்தால் இடம் குறையும். மூன்றாவதில் விலைபோகாதது: சிறு உறைகள், பளபளக்கும் தின்பண்டப் பைகள், மெல்லிய பாலிதீன் கிழிசல். தின்பண்டப் பையின் உட்புறம் வெள்ளி போல் மின்னுவது பிளாஸ்டிக் தாளில் படிந்த அலுமினியப் பூச்சு. இவ்வாறு வெவ்வேறு அடுக்குகள் ஒட்டியிருப்பதால் உருக்கி மறுபடி வார்க்க இயலாது. பழைய சாமான் கடைக்காரர் அதை மறுப்பது இக்காரணத்தினாலேயே.

உடைந்த கண்ணாடி, சவர அலகு, ஊசி ஆகியவற்றுக்கு மூடியுள்ள ஒரு தகர டப்பா தனியே வேண்டும். இவற்றைச் சாக்கில் போட்டால் சாக்கைத் தூக்குபவர் காலிலும் முதுகிலும் குத்தும்.

குனிவது யார்

சங்கங்கள் இவ்வேலையைத் தொடங்கும்போது தடுமாறும் இடம் இதுவே; ஆகையால் இதனை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. அசுத்தத்தை எடுப்பது ஒரு ஜாதியாரின் தொழில் என்னும் எண்ணம் கிராமத்தில் அற்றுப்போகவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். அப்புறம் நாள் குறித்தவுடன், குடியிருப்பிலிருந்து நாலு ஆள்களைக் கூலிக்கு அழைத்து முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்லுவார். மற்றவர்களுக்கும் அது நியாயமாகத் தோன்றும். கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எறிபவர் ஒரு தெருவும் எடுப்பவர் இன்னொரு தெருவுமாக இருக்குமளவும் எறிதல் குறையாது. எறிபவர் ஒரு நாளேனும் குனிந்திராமையால் தாம் எறிவதன் கனம் அவருக்குத் தெரிவதில்லை.

1858ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி வாய்க்கால்களுக்கு ஆபத்து நேரும்போது உழைப்பாளி வகுப்பினரை வேலைக்கு அழைக்க அதிகாரமளித்தது. நீரால் பயனடைவோர் யாவரும் தாமே செய்யவேண்டிய குடிமராமத்து வேறு; அப்படி ஒரு வகுப்பாரைக் குறித்து அழைப்பது வேறு. சங்கம் முன்னதைச் சேர்ந்தது. ஆகவே முறைப் பட்டியலில் தலைவர், நிர்வாகக் குழுவினர், செயலாளர் ஆகியோர் பெயர் முதல் வாரத்திலேயே இருக்கவேண்டும். மற்றவர்களின் முறை வாய்க்காலில் அவரவர் வயல் அமைந்த வரிசைப்படி வந்தால், தெரு வரிசை என்னும் பேச்சுக்கே இடமில்லை. வர இயலாதவர் தம் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பலாம். கூலியாளை அனுப்பலாகாது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிடுவது நலம். பெண் அங்கத்தினர்களுக்கும் முறையுண்டு; பட்டியலில் மட்டும் அவர்களைச் சேர்த்து, நிர்வாகக் குழுவில் ஒதுக்கும் சங்கங்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

ஊராட்சித் தூய்மைக் காவலர் இவ்வேலையில் நன்கு பழகியவராதலால் எதை எதில் போடுவது என்று கற்பிக்க அவரையே அழைக்கலாம். அன்று அவர் ஆசிரியர். அன்றைய ஊதியத்தை அவருக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். குப்பை பொறுக்குவோரே கூட்டுறவாகச் சேர்ந்து தொழிலுக்கு மதிப்பைத் தேடிக்கொண்ட உதாரணம் பூனாவில் உண்டு. அங்கே அத்தொழிலாளிகள் 1993இல் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். பிறகு ஸ்வச் என்னும் பெயரால் ஒரு கூட்டுறவு அமைப்பு தோன்றி, 2008இல் நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடுவீடாகச் சென்று சேகரிக்கும் உரிமையும், அதற்கு வீட்டார் தரும் கட்டணமும், விற்றுவரும் பணமும் அவர்களுக்கே உரியவாயின. தெருவில் விரட்டப்பட்டவர்கள் அடையாளச் சீட்டுடன் வாசலில் வந்து நின்றார்கள்.

எடுத்தது போகுமிடம்

இரண்டாவது சாக்குக்கு வழி எளிது. வீட்டுக்கு வீடு விற்றால் பழைய சாமான் கடைக்காரர் சொன்னதே விலை. சங்கத்தின் கிடங்கு மூலையில் ஒரு மாதம் சேர்த்து, தராசில் நிறுத்து, இரண்டு கடைக்காரரிடம் விலை கேட்டால் வித்தியாசம் விளங்கும். நெல்லுக்கும் கடலைக்கும் செய்யும் கூட்டு விற்பனை இதற்கும் பொருந்தும்.

கண்ணாடிப் புட்டி விஷயத்தில் நீலகிரி ஜில்லாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. மதுப்புட்டிகளை வனத்திலும் வயலிலும் உடைத்தெறிவதால் கால்நடைகளும் வன விலங்குகளும் காயமுறுவதைத் தடுக்கும் பொருட்டு, உயர்நீதிமன்றத்தின் தலையீட்டின்பேரில், 2022 மே மாதம் முதல் அங்கே புட்டியொன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பின்னர் வேறு ஜில்லாக்களுக்கும் பரவிற்று. குடித்தவர் எறிந்தாலும் வேறொருவர் எடுத்துக் கொடுத்துப் பணம் பெறுகிறார். மருந்துப் புட்டிக்கும் உர உட்பைக்கும் ஒரு சிறு முன்பணத்தைச் சங்கம் பொதுக்குழுவின் சம்மதத்தோடு வைத்துப் பார்க்கலாகாதா என்பது அங்கத்தினர் ஆலோசிக்கவேண்டியது. முன்பணம் வாங்குவதும் திருப்புவதும் கணக்கெழுதுவதும் சங்கத்தார்க்குக் கைவந்த வேலை.

மூன்றாவது சாக்கே சங்கடம். இதற்கும் மதுரை ஒரு வழி காட்டிற்று. தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியின்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிப் பூச்சாகப் படிந்து தாருடன் இறுகப் பிடிப்பதைக் கண்டு, 2002 முதல் அவ்விதம் சாலைகள் போடச் செய்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மெல்லிய பைகளும் உறைகளும் இதற்கு உதவும், பி.வி.சி. மட்டும் கூடாது. சிமெண்டு ஆலைகளின் சூளைகளிலும் மிக உயர்ந்த உஷ்ணத்தில் இவற்றை நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கிறார்கள். தெருக்கோடித் தீயோடு அதனை ஒப்பிடலாகாது. ஒரு கிராமச் சங்கம் தனியே ஆலைக்கு அனுப்புவது கட்டாது. மண்ணும் ஈரமும் போக உலர்த்தி, சாக்கில் இறுக்கி, ஒன்றிய அலுவலகத்தின் மூலம் பல ஊர்களுடையதைச் சேர்த்து அனுப்பவேண்டும். இதில் வருமானம் எதிர்பார்க்கலாகாது. வண்டிக் கூலி கைவிட்டுப் போகாமலிருந்தால் அதுவே திருப்தி. எத்தனை வழிகள் இருப்பினும், கடைக்குத் தூக்குப் பாத்திரமும் துணிப்பையும் கொண்டுபோகும் வீட்டிலிருந்து மூன்றாவது சாக்குக்கு வருவது சொற்பமே.

இவற்றுக்கென்று ஒரு சிறு பதிவேடு வைக்கவேண்டும். தேதி, வாய்க்காலின் எந்தப் பகுதி, வந்தவர்கள், ஒவ்வொரு சாக்கின் எடை, விற்ற தொகை ஆகிய ஐந்து பத்திகள் போதும். தொகை சிறிதாயினும் தனிக் கணக்கில் ரசீதுடன் வரவு வைத்து, பொதுக்குழுவில் வாசிக்கவேண்டும். பத்து ரூபாய்க்குக் கணக்கில்லாமற் போனால் அடுத்த மாதம் ஆள் வருவது நின்றுவிடும். மூன்றாவது சாக்கின் எடை மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்பதே பதிவேட்டில் முக்கியமாகப் பார்க்கத்தக்கது. நிறைய எடுத்தோம் என்று மகிழ்வது முதல் இரண்டு மாதங்களுக்குச் சரி. ஆறாம் மாதத்திலும் அவ்வளவே இருந்தால் எறிவது நிற்கவில்லை என்று பொருள். அப்போது வாய்க்காலின் எந்தப் பகுதியில் மிகுதியென்று பார்த்து, அவ்விடத்துப் பெட்டிக் கடைக்காரரையும் வயற்காரரையும் அழைத்துப் பேசவேண்டும்.

முதற் சாக்கில் சேர்ந்ததைத் தாழ்ந்த குழியில் கொட்டலாம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய நிபுணர் இந்நாட்டுக் குடியானவர் முறையையும் சீன தேசத்து முறையையும் ஆராய்ந்து வகுத்த கம்போஸ்டு முறை இன்றும் பயன்படத்தக்கது. குழி மூன்றடி ஆழத்துக்கு மேற்படலாகாது. மிக ஆழமானால் காற்றுப் புகாது. சருகும் வைக்கோலும் ஒரு படை, அதன்மேல் சாணக் கரைசல், அதன்மேல் சிறிது மண்ணும் சாம்பலும் என்று மாற்றி மாற்றிப் பரப்பி, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு நீர் தெளித்து, இடையில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு தயாராகும். உள்ளே கைவைக்கச் சுடுமானால் வேலை நடக்கிறது. நாறினால் ஈரம் மிகுந்ததென்று கிளறிக் காற்றோட்டம் உண்டாக்க வேண்டும்.

குழியைத் திறக்கும் நாளில் அங்கத்தினர்களை அழைத்து, எருவைக் கம்பிச் சல்லடையில் சலிக்கவேண்டும். சல்லடைக்கு மேல் நிற்கும் உறைத் துண்டுகளைத் தனியே நிறுத்து, அந்த எடையையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளவேண்டும். சலித்த எருவை வண்டிக் கணக்கில் அளந்து பங்கிடும்போது கடைமடை வயல்களுக்கு முதற் பங்கு தருவதென்று பொதுக்குழு முன்னதாகத் தீர்மானித்து வைத்திருப்பின், அன்றைக்குப் பேச்சு வளராமல் பொழுதோடு வண்டிகள் புறப்படும்.